டிஸ்ப்ளே வரல

கம்ப்யூட்டருக்குள் காத்தாடிகள் எல்லாம் சுற்றுகின்றன. கேபினெட் கண்ணாடிக்குள் நான்கு ரேம் ஸ்டிக்குகளும் திருவிழா சீரியல் செட் மாதிரி நிறம் மாறி மாறி மின்னுகின்றன. மானிட்டர் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டது. கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அமுக்கினேன், அதன் விளக்கும் எரியவில்லை. மதர்போர்டின் வலது ஓரத்தில் மிளகு அளவில் ஓர் ஆரஞ்சு விளக்கு. பக்கத்தில் பொடி எழுத்தில் ‘டிராம்’, ரேமைத்தான் சொல்கிறது. அது மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

“மாமா, நான் ஒண்ணுமே பண்ணல” என்றான் அக்கா பையன். உண்மைதான். என்டர் தட்டியது நான். தட்டச் சொன்னது அவன்.

மே மாதம், கத்திரி வெயில், இரவு பதினொன்றரை மணி. வில்லிவாக்கத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது எங்கள் வீடு. பகலெல்லாம் குடித்த வெயிலைச் சுவர் ராத்திரியில்தான் திருப்பிக் கொடுக்கும். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையில் நிற்கின்றன. பழைய மெஷின் மூச்சுத் திணறுகிறது என்றுதான் ரிச்சி தெருவில் சாமான்களாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து, நானே பூட்டிய கம்ப்யூட்டர் இது. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7 7700 ப்ராசஸர், அதற்குப் பொருந்தும் ஏஎம்5 மதர்போர்டு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. ரேம் பெட்டியில் போட்டிருந்த 6000 என்ற வேகத்திலேயே ஓடியது. கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் ‘எக்ஸ்போ’ என்ற ஒரே ஒரு வரியை ஆன் செய்ததோடு சரி.

பிறகுதான் ஆசை வந்தது. நாலு கேமரா ஃபுட்டேஜை ஒரே டைம்லைனில் போட்டால் 32 ஜிபி போதவில்லை. அதே கம்பெனி, அதே மாடல், அதே நிறப் பெட்டி, இன்னொரு ஜோடி வாங்கி வந்தேன். காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டிலும் செருகினேன். கொஞ்ச நேரம் இருட்டாக இருந்துவிட்டு விண்டோஸ் வந்தது. 64 ஜிபி. எனக்குத் திருப்தி. அக்கா பையன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தான்.

“மாமா, ஸ்பீட் 3600ன்னு காட்டுது.”

“அதுக்கென்ன?”

“6000 ரேமுக்குக் காசு குடுத்துட்டு 3600ல ஓட்டுவீங்களா? எக்ஸ்போ ஆஃப் ஆயிருக்கு. ஆன் பண்ணுங்க.”

காசு என்ற சொல் காதில் விழுந்தால் எனக்குப் புத்தி வேறு பக்கம் வேலை செய்யாது. பயாஸுக்குள் போனேன், ஆன் செய்தேன், சேமித்து வெளியே வந்தேன். மேலே சொன்ன ஆரஞ்சு விளக்கு, அப்போது எரிய ஆரம்பித்ததுதான்.

அடுத்த அரை மணி நேரம் நான் செய்தவற்றை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு நிமிஷம் பார்த்தேன், படம் வரவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன். ஒரு நிமிஷம். அணைத்தேன். ஐந்தாறு தடவை இப்படி. பிறகு கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்சையே அணைத்துப் போட்டேன். மானிட்டர் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். கடைசியில், நம் ஊரில் கம்ப்யூட்டர் தொட்ட எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய அந்த வைத்தியம்: நான்கு ஸ்டிக்கையும் கழற்றி, அக்கா பையனின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பர் எடுத்து, தங்கப் பூச்சுக் கால்களைப் பளபளவென்று தேய்த்து, திரும்ப மாட்டினேன். பெட்டி பிரித்து ஒரு மாதம்கூட ஆகாத சாமானைத் தேய்த்து என்ன அழுக்கு வந்துவிடப் போகிறது? கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

அந்த ரப்பர் வைத்தியம் எனக்கு இன்னொரு கெடுதலும் செய்தது. அது காலையில்தான் தெரிந்தது.

நடுராத்திரி என்றும் பார்க்காமல் ரிச்சி தெரு பாய்க்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். பாய் அங்கே சர்வீஸ் பெஞ்ச் வைத்திருப்பவர். நான் கல்லூரியில் படித்த நாளிலிருந்து பழக்கம். அடுத்த நிமிஷமே கூப்பிட்டார்.

“என்ன சார், டிஸ்ப்ளே வரலையா?”

“ஆமா பாய். ஆரஞ்சு லைட்டு எரியுது.”

“எவ்ளோ நேரம் விட்டுப் பார்த்தீங்க?”

“ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் இருக்கும். வரல, ஆஃப் பண்ணிட்டேன்.”

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒரு நிமிஷமா? சார், அது பாடம் படிச்சிட்டிருக்கு. நீங்க படிக்கப் படிக்க சிலேட்டைப் புடுங்கிப் புடுங்கி அழிச்சிருக்கீங்க. ஆன் பண்ணிட்டு போய்ப் படுங்க. காத்தால பேசலாம்.”

பாய் பாடம் என்று சொன்னதற்குப் பயாஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மெமரி ட்ரெய்னிங்’. இந்த விஷயம் எனக்குப் பெயரளவில் தெரியும். ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அன்றைக்குத் தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

6000 என்றால் ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 600 கோடி பிட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 167 பிக்கோ நொடி. ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோ நொடி. மதர்போர்டுக்குள் ஓடும் செம்புக் கோட்டில் மின்சைகை ஒரு நானோ நொடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் போகும். பெருக்கிப் பார்த்தால், அந்த 167 பிக்கோ நொடியில் அது கடப்பது இரண்டரை சென்டிமீட்டர். அதாவது ஒரு பிட்டின் நீளம் ஓர் அங்குலம். ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே, ஒன்றின் பின்னால் ஒன்றாக, அங்குல அங்குலமாகப் பிட்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு ஸ்டிக்குக்கு 64 டேட்டா கம்பி. அவற்றில் ஒன்று அரை சென்டிமீட்டர் நீளம் கூடியிருந்தாலும் அந்தப் பிட் பந்திக்குப் பிந்திவிடும்.

அதனால் புதிதாக ரேம் போட்டாலோ வேகத்தை மாற்றினாலோ, ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் முதலில் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்க்கிறது. தெரிந்த ஒரு வரிசையை எழுதுகிறது, திரும்பப் படிக்கிறது, தப்பாக வந்தால் நேரத்தை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி. எங்கே ஆரம்பித்து எங்கே வரை சரியாக வருகிறதோ அதன் நடுவில் போய் நின்றுகொள்கிறது. மின்னழுத்தத்துக்கும் இதே கதை. இது முடியும் வரை ரேம் இல்லை. ரேம் இல்லாமல் பயாஸ் திரையில் ஒன்றும் வரையாது. அதனால்தான் இருட்டு. இந்த டிடிஆர்5 தலைமுறை ரேமில், அதிலும் நிறைய ஜிபி போட்டிருந்தால், முதல் தடவை சில நிமிஷங்கள் போவது சாதாரணம். பாடம் ஒத்துவராவிட்டால் பெரும்பாலான போர்டுகள் தாமாகவே சில தடவை முயன்று பார்த்துவிட்டு, பழைய மெதுவான அமைப்புக்குத் திரும்பிவிடும். அந்தச் சில தடவைக்குக்கூட நான் விட்டால்தானே.

சரி, காலையில் எழுந்து பார்த்தேன். அதே ஆரஞ்சு.

அம்மா காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “ராத்திரி பூரா எரியுதேடா இது. கரண்ட் பில் யார் கட்டுறது?”

விட்டுப்பார்த்தும் வராவிட்டால் அடுத்தது சிமாஸ் க்ளியர். பயாஸில் நாம் மாற்றியதை எல்லாம் மறக்கடித்து, போர்டைப் பிறந்த குழந்தையாக்குவது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் கண்டென்சர்களில் மிச்சம் இருப்பதும் வடிந்துவிடும். காத்தாடி ஒரு துள்ளு துள்ளி அடங்குவதைப் பார்க்கலாம். பிறகு போர்டில் இரண்டே இரண்டு ஊசிக்கால்கள் தனியாக நிற்கும். அவற்றை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சில விநாடி சேர்த்துத் தொட வேண்டும். எங்கே நிற்கின்றன என்பது போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சில போர்டில் பின்பக்கமே இதற்குப் பட்டன் உண்டு. என்னுடையது அந்த விலையில் இல்லை.

ஊசிக்கால் கிடைக்கவில்லை என்றால் பேட்டரி. சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதுதான் அந்த எண். கார் சாவி ரிமோட்டிலும் இருக்கிற அதே காசு வடிவ செல். நான் ஊசிக்காலைத் தொட்டதோடு பேட்டரியையும் கழற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அதுவோ கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. கார்டைக் கழற்ற வேண்டுமானால் ஸ்லாட் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கொண்டியை அமுக்க வேண்டும். விரல் நுழைய இடமில்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டுத் தடுமாறினால் போர்டில் கீறல். ஃப்ரிட்ஜில் கிடந்த குல்ஃபியை அக்கா பையன் தியாக உணர்வோடு தின்று முடித்துக் குச்சியைக் கழுவிக் கொடுத்தான். அதுதான் அன்றைக்கு உருப்படியான கருவி.

கிராபிக்ஸ் கார்டை வெளியே வைத்ததும் ஒரு நன்மை. ரைசன் 7000 வரிசையில் ‘எஃப்’ என்று முடியாதவற்றுக்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. மானிட்டரை மதர்போர்டில் நேராகச் செருகினால் போதும். சந்தேகப்பட வேண்டிய ஆட்களில் ஒருவர் குறைந்தார். பத்து நிமிஷம் கழித்துப் பேட்டரியைப் போட்டேன், பிளக்கைச் செருகினேன், பட்டனை அழுத்தினேன். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கால் மணி நேரம். ஆரஞ்சு.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையாகவே வயிற்றைக் கலக்கியது. பெட்டியில் போட்டிருக்கிற வேகம்தானே, அதைப் போடுவதில் என்ன தப்பு என்று நேற்று இருந்த தெம்பு போய்விட்டது. இணையத்தில் தேடியபோது கண்ணில் பட்டது 2023 வசந்தத்தில் சில ரைசன் ப்ராசஸர்கள் கருகிப்போன படங்கள். எக்ஸ்போ போடும்போது ரேமுக்கு மட்டுமல்லாமல் ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கும் மின்னழுத்தம் கூடுகிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதற்கு 1.3 வோல்ட் என்று ஏஎம்டி உச்சவரம்பு வைத்தது, புது பயாஸ்களில் அது பூட்டப்பட்டுவிட்டது. என் போர்டு அதற்குப் பிறகு வந்த பயாஸோடு வந்தது. அது தெரிந்தும் மனசு கேட்கவில்லை. கருகிய வாடை வருகிறதா என்று கேபினெட்டுக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தேன். அம்மா வைத்த வத்தக்குழம்பு வாசனைதான் வந்தது.

பாய் கடை திறந்ததும் கூப்பிட்டேன்.

“எல்லா ஸ்டிக்கையும் எடுத்துடுங்க சார். ஒண்ணே ஒண்ணு. ப்ராசஸர்லேர்ந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட். லாக் ஒரு பக்கம்தானே உங்க போர்டுல?”

“ஆமா, மேல மட்டும்.”

“கீழ்ப் பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க.”

அடித்துப் பார்த்தேன். வெட்கம். இரண்டாவது ஸ்டிக்கின் கீழ்முனை ஸ்லாட்டில் முழுசாக இறங்காமல் நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. மேல் முனையில் கொண்டி ‘டக்’ என்று விழுந்துவிட்டதால் சரியாக உட்கார்ந்தது என்று நம்பிவிட்டேன். ராத்திரி ரப்பர் போட்டுத் தேய்த்த அவசரத்தில் நடந்தது. ஆக, முதல் இருட்டுக்குக் காரணம் வேகம். இரண்டாவது இருட்டுக்குக் காரணம் நான். வேகத்தைச் சிமாஸ் க்ளியர் எப்போதோ சரி செய்திருக்கும், அதன் மேல் நான் புதுசாக ஒரு கோளாறைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். ஒரே ஆரஞ்சு விளக்கு, இரண்டு வியாதி. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என்னைக் காலை வரை அலைக்கழித்தது.

ஒரு ஸ்டிக், இரண்டாவது ஸ்லாட், இரண்டு கட்டை விரலாலும் இரு முனையையும் அழுத்தினேன். ஆரஞ்சு. மூன்று நிமிஷம். திடீரென்று அது அணைந்து, வெள்ளை மின்னி, பச்சை வந்தது. திரையில் கன்னங்கரேலென்ற பின்னணியில், அமைப்புகள் அழிந்துவிட்டன, எஃப்1 அழுத்து என்று நான்கு வரி. தேதி பல மாதம் பின்னால் போயிருந்தது. அந்த நான்கு வரியை அக்கா பையன் போட்டோ எடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பினான்.

பிறகு நான்கையும் ஒவ்வொன்றாக அதே ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தேன். நான்கும் 4800-இல் வந்தன. பழைய ஜோடியை மட்டும் போட்டு எக்ஸ்போ கொடுத்தேன், 6000-இல் ஓடியது. புது ஜோடியும் தனியாக 6000-இல் ஓடியது. சாமானில் குற்றம் இல்லை. நான்கும் சேர்ந்தால் மட்டும் ஆகவில்லை.

அப்போதுதான் ஏஎம்டி பக்கத்தில் இந்த ப்ராசஸரின் விவரத்தை நிதானமாகப் படித்தேன். வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும். ப்ராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் ஒரு பாதைக்கு, அதாவது ஒரு சேனலுக்கு, ஒரு ஸ்டிக் என்றால் 5200. இரண்டு என்றால் 3600. நாலே நாலு வரிதான். அக்கா பையன் கேவலமாகப் பார்த்த அந்த 3600, போர்டு தானாகப் போட்ட சோம்பேறி எண் இல்லை. நான்கு ஸ்டிக்குக்கு அவர்கள் உத்தரவாதம் தரும் வேகமே அதுதான். 6000 என்பது எந்தக் கணக்கிலும் ஓவர்கிளாக், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் விரட்டுவது. எக்ஸ்போ என்ற பெயரின் விரிவிலேயே ‘ஓவர்கிளாக்கிங்’ என்ற சொல் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஓட்டினால் ப்ராசஸர் வாரண்டி செல்லாது என்றும் எழுதியே வைத்திருக்கிறார்கள். ரேம் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது ஒன்று, ப்ராசஸர் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது இன்னொன்று. எனக்குக் கொட்டை எழுத்துதான் கண்ணில் பட்டது.

ஓவர்கிளாக் எனக்குப் புதிதும் இல்லை. 1998-இல் வந்த செலரான் 300ஏ ப்ராசஸரை எங்கள் பெரியப்பா மகன் வைத்திருந்தான். 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால், பெருக்கல் எண் 4.5 என்பதால் 300 அப்படியே 450 ஆகிவிடும். அண்ணன் அதை ஊரையே கூப்பிட்டுக் காட்டினான். அந்த நாளில் ஓவர்கிளாக் என்பது தெரிந்தே எடுக்கும் துணிச்சல், கை நடுங்க ஜம்பரை மாற்றுவோம். இன்றைக்கு அது ஒரு ‘ஆன்’ பட்டனாகிவிட்டது. பட்டனாகிவிட்ட எதையும் பார்த்து நமக்குப் பயம் வருவதில்லை.

நான்கு ஸ்டிக் ஏன் ஆகாது? இந்த வகை போர்டுகளில் ஒரு சேனலின் கம்பி முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு அப்படியே அடுத்த ஸ்லாட்டுக்குப் போய் முடிகிறது. இரண்டே ஸ்டிக் என்றால் அவற்றை முடிவில் இருக்கும் ஸ்லாட்டுகளில், அதாவது இரண்டிலும் நான்கிலும் போடச் சொல்வது அதனால்தான். முதல் ஸ்லாட்டில் போட்டு முடிவைக் காலியாக விட்டால், காலி மண்டபத்தில் கைதட்டியது போல சைகை முட்டித் திரும்பி எதிரொலிக்கும். எல்லா ஸ்லாட்டையும் நிரப்பினாலோ ஒரே கம்பியில் இரண்டு பேர் தொங்குகிறார்கள். சைகை நடுவில் ஒரு தடவை சிதறுகிறது, சுமையும் இரட்டிப்பு. ஓர் அங்குலப் பிட்டுக்கு அது தாங்காது. 3600-இல் ஒரு பிட்டின் நீளம் நாலு சென்டிமீட்டருக்கு மேல். கொஞ்சம் சிதறினாலும் நடுப்பகுதி தப்பிக்கும்.

போதாதற்கு, என்னிடம் இருந்தது நான்கு ஸ்டிக் கிட் இல்லை, இரண்டு ஜோடி. கம்பெனியில் இரண்டு ஸ்டிக்கைச் சேர்த்து ஓட்டிப் பார்த்து, இந்த இருவரும் 6000-இல் ஒத்துப்போகிறார்கள் என்றுதான் ஒரு பெட்டியில் போடுகிறார்கள். அடுத்த பெட்டியில் இருப்பவர்களோடு இவர்கள் அறிமுகமே ஆனதில்லை. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டில் சிம்ம கதியில் தூக்கி வரும்போது தாங்குகிறவர்களின் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? வருஷக்கணக்காகச் சேர்ந்து தூக்கிய தோள்கள். தெருவில் போகிற இரண்டு பலசாலிகளைக் கூட்டி வந்து நடுவில் நுழைத்தால் பலம் கூடும், நடை குலையும். மாடல் எண் ஒன்றாக இருந்தும்கூட, உள்ளே இருக்கும் சில்லு வேறு கம்பெனியுடையதாக இருக்க வாய்ப்புண்டு. என் இரண்டு பெட்டியையும் சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தபோது உண்மையிலேயே வேறு வேறாக இருந்தன.

சிபியு-இசட்டைத் திறந்ததும் இன்னொரு கூத்து. “மாமா, 3000ன்னு காட்டுது, பாதிதான் ஓடுது!” என்று அலறினான். ஒரு துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலுமாக இரண்டு தடவை டேட்டா போவதால்தான் டிடிஆர் என்று பெயர், 3000 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு, 6000 பரிமாற்றம் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

இருந்தாலும் 64 ஜிபி எனக்கு வேண்டும். நான்கையும் போட்டு, பேராசைப்படாமல் 4800 என்று கையால் அமைத்தேன். நீண்ட ஆரஞ்சுக்குப் பிறகு வந்தது. வந்தது என்பதாலேயே நம்பிவிடக் கூடாது என்று பாய் எச்சரித்திருந்தார். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இலவசம், பென் டிரைவில் ஏற்றி விண்டோஸ் இல்லாமலே ஓட்டலாம். ராத்திரி ஓட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் பிழை பூஜ்யம். ஜெயித்துவிட்டோம் என்று நாதஸ்வரக் கச்சேரி ஃபுட்டேஜை ஏற்றி வேலையை ஆரம்பித்தேன். மதியம் இரண்டரை மணிக்கு நீலத் திரை. மறுபடி போட்டேன். மூன்று மணிக்கு எடிட்டிங் சாஃப்ட்வேர் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. மெம்டெஸ்ட்டை மதியமே ஓட்டினேன். நாற்பது நிமிஷத்தில் சிவப்பு வரிகள்.

அறை வெப்பம் 37 டிகிரி. டிடிஆர்5 ஸ்டிக்குக்குள்ளேயே வெப்பமானி உண்டு. ராத்திரி 47 காட்டிய ஸ்டிக்குகள் மதியம் 59-ஐத் தொட்டன. டிராம் என்பது ஓட்டைக் குடங்களின் வரிசை. ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்னக் கண்டென்சரில் நிற்கும் மின்னூட்டம், அது எந்நேரமும் ஒழுகிக்கொண்டே இருக்கும். 32 மில்லி நொடிக்குள் எல்லாக் குடத்தையும் ஒரு சுற்று நிரப்பி வர வேண்டும். சூடு ஏற ஏற ஒழுக்கும் கூடும், கம்பியில் நேரக் கணக்கும் மெல்ல நகரும். பெட்டிக்குள் ஸ்டிக்குக்கு ஸ்டிக் ஒட்டி நான்கு பேர் உட்கார்ந்தால் நடுவில் காற்றும் போகாது. டிடிஆர்5-இல் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லையும் மதர்போர்டிலிருந்து எடுத்து ஸ்டிக்கின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அந்தச் சூடு வேறு. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வீடியோ போடுகிறவர்களுக்கு நிற்கிற வேகம் எங்கள் வீட்டு மேமாதத்தில் நிற்கவில்லை.

ஒரே ஒரு பிழைதானே என்று விட்டுவிட முடியாதா என்றான் பையன். விளையாடுகிற மெஷினில் ஒரு புள்ளி நிறம் மாறினால் போகட்டும். ஒரு ஃபைலைக் காப்பி செய்யும்போது அந்தப் பிட் புரண்டால், அடுத்தவர் வீட்டுத் தாலி கட்டும் காட்சி கெட்டுப்போய், கேமரா கார்டும் அழிக்கப்பட்ட பிறகுதான் நமக்குத் தெரியும். என் தொழிலில் அதைத் திருப்பி எடுக்க முடியாது. மூன்று முடிச்சை இன்னொரு தடவை போடச் சொல்லவா?

பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து புது பயாஸும் ஏற்றிப் பார்த்தேன், யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு, கரண்ட் போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு. ட்ரெய்னிங் கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது. மதியப் பிழைகள் போகவில்லை.

வியாழக்கிழமை நான்கு ஸ்டிக்கையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். வாங்கிய கடையில் பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, சாமானில் பழுதில்லையே. பாய்தான் கூட வந்து, “நம்ம ஆளுதான், ரெண்டு ஜோடியையும் எடுத்துக்கோங்க, 32 ஜிபி ஸ்டிக்கா ஒரு ஜோடி குடுங்க” என்று பேசி முடித்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் கழித்துக்கொண்டார்கள். இந்தத் தடவை கடையில் நின்றபடியே போனில் மதர்போர்டு கம்பெனியின் பட்டியலைத் திறந்து, அந்த மாடல் எண் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தப் பட்டியலில் எத்தனை ஸ்டிக் போட்டுச் சோதித்தார்கள் என்று தனிக் கட்டமே இருக்கிறது. இரண்டில் டிக், நான்கில் வெறுமை. என் பழைய மாடலுக்கும் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டிலும் நான்கிலும் மாட்டினேன். கீழ்முனையை டார்ச் அடித்துப் பார்த்தேன். எக்ஸ்போவைத் தொடாமல் ஒரு தடவை விண்டோஸ் வரை போய்த் திரும்பி வந்து, பிறகுதான் ஆன் செய்தேன். பையனைக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அம்மா தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

“இப்பவும் ஆரஞ்சுதானேடா?”

“படிக்குதும்மா.”

“எத்தனை தோசை நேரம்?”

மூன்று தோசை. நான்காவது கல்லில் இருக்கும்போது பச்சை வந்துவிட்டது.

மறுநாள் மதியம் ஒன்றரைக்கு ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு மெம்டெஸ்ட்டை ஓட்டினேன். நான் பக்கத்து அறையில் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி வரை ஒரு சிவப்பும் இல்லை. வேகத்தால் என் வேலை எவ்வளவு சுருங்கியது என்று கேட்டால், 4800-க்கும் 6000-க்கும் என் டைம்லைனில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கணக்கில் உண்டு. 6000-இல் 30 துடிப்புத் தாமதம் என்றால் 10 நானோ நொடி, 4800-இல் 40 என்றால் கிட்டத்தட்ட 17. அந்த ஏழு நானோ நொடியை நான் எங்கே தேடுவது? 64 ஜிபியின் வித்தியாசம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ட்ரெய்னிங்கில் படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை சீக்கிரம் எழும்ப ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ என்று பயாஸில் ஒரு வரி உண்டு. அதை ஆஃப் செய்தே வைத்திருக்கிறேன். தினமும் காலையில் முக்கால் நிமிஷம் ஆரஞ்சு எரியும். நேற்றைய குளிரில் படித்த பாடத்தை இன்றைய வெயிலில் ஒப்பிக்க வேண்டாம் என்று என் எண்ணம். பையனுக்கு இது பொறுக்கவில்லை. “என் ஃப்ரெண்டோடது எட்டு செகண்டுல வருது மாமா.”

லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பிப் போனான். இன்று காலை வேறு எதற்கோ பயாஸுக்குள் போனேன். ரேம் வேகம் 6200 என்று இருந்தது. எப்போது மாற்றினானோ தெரியவில்லை. இரண்டு கல்யாணம் அதிலேயே ரெண்டர் ஆகியிருக்கிறது.

உடனே மாற்றிவிடப் போனேன். கை நின்றுவிட்டது. மணி பன்னிரண்டு. வெளியே வெயில் கொளுத்துகிறது. பென் டிரைவை எடுத்துச் செருகி வைத்திருக்கிறேன். இரண்டு மணி ஆகட்டும்.